தாம்பரத்திலிருந்து சென்ட்ரலுக்கு

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. அந்தமானில் பிறந்து, போர்ட் பிளேரில் ஹாடோ பக்கம் வளர்ந்து, தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பல்களின் இன்ஜின் அறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். என் நாக்கு இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறது. ரயிலில் நான் போனது மொத்தமே நான்கைந்து தடவைதான். அப்போதெல்லாம் டிக்கெட்டையும் பெட்டியையும் என் மனைவி பார்த்துக்கொள்வாள். நான் பின்னாலேயே போவேன். அவள் போய் மூன்று வருடமாகிறது.

இன்ஜின் அறை என் வலது காதை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. இடது காதில் பாதி மிச்சமிருந்தது. தாம்பரத்தில் ஒரு காது மருத்துவமனையில் மெஷின் வைத்துக்கொள்ளும்படி என் மகள் அபிராமி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டிசம்பரில் ஒருநாள் வீடியோ காலில், எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக வாயை நன்றாகத் திறந்து மூடி, ஷார்ஜாவில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். போகிப் பண்டிகை அன்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து விமானம். இரண்டு வருடத்துக்கு லீவு கிடையாது.

எனக்கு மெஷின் பொருத்தக் கிடைத்த நாளும் அதே போகிதான், காலையில். அவளுக்கோ அதற்கு முந்தைய ராத்திரிவரை டியூட்டி. இடையில் சந்திக்க வழியே இல்லாமல் இருந்தது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சென்ட்ரலிலிருந்து மதியம் கிளம்பும் வந்தே பாரத் ரயிலில் எனக்கு கோயம்புத்தூர் வரை ஒரு சீட்டு. அதே பெட்டியில் பக்கத்து இருக்கை, சேலத்திலிருந்து அவளுக்கு.

"சேலத்துல நான் ஏறிக்கிறேன்பா. கோயம்புத்தூர் வரைக்கும் ரெண்டு மணி நேரம் கிடைக்கும்," என்றாள்.

அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். காது ஒரு சாக்கு.

மீனம்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோவில் தாம்பரம் மேற்கில் ஒரு லாட்ஜுக்கு வந்து சேர்ந்தேன். வரவேற்பில் இருந்தவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தமானா சார்? ஜெயில் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தமான் என்றால் எல்லோரும் கேட்கும் கேள்விதான். பார்த்திருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. சாவியைக் கொடுத்தார்.

சாயங்காலம் சண்முகம் சாலையில் நடந்தேன். பண்டிகைக்கு நான்கு நாள்தான் இருந்தது. கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் பாத்திரக் கடைக் கூட்டமும் தெருவை அடைத்திருந்தன. எங்கள் ஊரிலும் பொங்கல் உண்டு, கரும்பும் உண்டு. ஆனால் கரும்பு கப்பலில் வந்து இறங்கும்போது எந்த வீட்டுக்கு எந்தக் கட்டு என்பதுவரை எங்களுக்குத் தெரியும். இங்கே நடந்துபோகிற ஒருவர் முகமும் இரண்டாம் தடவை கண்ணில் படவில்லை. தாம்பரத்தில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்து எங்கேயோ மாறிப்போகிறவர்கள் என்று தோன்றியது. பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே பைகளோடு ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு கேட்டேன். வஞ்சிரம் வறுவல் வந்தது. அந்தமானில் நாங்கள் சுர்மை என்று சொல்கிற மீன் என்று பரிமாறியவரிடம் சொன்னேன். தீவில் விரல் கனத்துக்கு வெட்டுவார்கள். இங்கே வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும்போல இருந்தது. ருசி குறை சொல்ல முடியாது. மசாலாவில் பூண்டு தூக்கலாக, ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. எதிரே இருந்த இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்தார்கள். உதடு அசைவதைப் பார்த்து நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். காது போனவன் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். ஒருவர் என்னைப் பார்த்து என்னவோ கேட்டார். தலையாட்டினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தால், தலையாட்டக்கூடாத கேள்வி போலிருக்கிறது. சீக்கிரம் சாப்பிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பரிசோதனை. மருத்துவமனை சானடோரியம் பக்கம், ஒரு மாடியில். உள்ளே அலமாரி மாதிரி ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. அதற்குள் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் பரிசோதனை செய்யும் பெண். வயது அபிராமியின் வயதுதான் இருக்கும்.

"சத்தம் கேட்டா அமுத்துங்க சார். ரொம்ப லேசா கேட்டாலும் அமுத்துங்க," என்றார்.

கதவைச் சாத்தினார்கள். என் வாழ்நாளில் அப்படி ஓர் அமைதிக்குள் நான் இருந்ததில்லை. கப்பல் நின்ற பிறகும் என் தலைக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அறையில் அது மட்டும்தான் இருந்தது. சத்தம் வருகிறதா, வந்ததாக நான் நினைக்கிறேனா என்று பிரித்தறிய முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று சில தடவை சும்மாவே அமுத்தினேன். வெளியே வந்ததும் அவர் சிரித்தார்.

"நான் ஒண்ணுமே போடாதப்பவும் அமுத்துனீங்க சார்."

இடது காதுக்கு மெஷின் சரியாக வரும், வலதுக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். காதுக்குள் அச்சு எடுத்தார்கள். போகி அன்று காலை வரச் சொன்னார்கள்.

நடுவில் ஒருநாள் சும்மா இருந்தது. என்னோடு இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் கிரீசராக இருந்த காசிநாதன் ஓய்வுக்குப் பிறகு படப்பையில் வீடு கட்டியிருந்தான். பஸ் ஏறிப் போனேன். போன் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் போனில் எதுவும் கேட்காது என்று ஆன பிறகு அந்தப் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. முடிச்சூர் தாண்டியதும் வீடுகள் கொஞ்சம் விலகின, பிறகு லாரிகள் சேர்ந்துகொண்டன. ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் போகும் வண்டிகள். படப்பைக் கடைத்தெருவில் வழி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால், கேட்டில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்து என் காதருகே வந்து கத்தினார். "காசி சாரா? பொங்கலுக்குப் பையன் வூட்டுக்கு ஓசூர் போயிட்டாரு. நேத்துதான் போனாரு."

வந்ததற்கு உட்காருங்கள் என்று நாற்காலி போட்டு டீ கொடுத்தார். எதிரே வரிசையாக இருந்த கடைகளையும் அதற்குப் பின்னால் இருந்த கிடங்கையும் கையால் காட்டி, "இதெல்லாம் எங்க கழனி," என்றார். கிடங்கு ஒரு கார் கம்பெனிக்கு வாடகைக்கு இருக்கிறதாம். அந்தமானுக்குப் படகில் எத்தனை நாள் என்று கேட்டார். நான் விமானத்தில் வந்தேன் என்றதும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது அவருக்கு. அங்கே என்ன விலை போகிறது நிலம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டீ டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்று ராத்திரி அதே மெஸ்ஸுக்குப் போனேன். பரிமாறுகிறவர் தூரத்திலேயே கையை ஆட்டி, பக்கத்தில் வந்து, "அந்தமான் சார், இன்னிக்கு மீன் இல்ல," என்றார். ஒரு ஊரில் நம்மை ஓர் ஆள் அடையாளம் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரிந்தது. முட்டைக் குழம்போடு திருப்தியாகச் சாப்பிட்டேன்.

போகி காலை, தெருவில் பழைய பாயும் துணியும் எரித்த புகை கண்ணைக் கரித்தது. மருத்துவமனையில் நான்தான் முதல் ஆள். மெஷினை இடது காதில் மாட்டி, அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். திடீரென்று அறைக்குள் மின்விசிறி ஓடுவது கேட்டது. அவர் வளையல் கேட்டது. என் சட்டை உரசுவது கேட்டது.

"எப்படி இருக்கு சார்?"

சத்தமாக இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார். நல்லா இருக்கு என்று சொன்னேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோபோல் இருந்தது.

அளவு சரிசெய்வதில் நேரம் போய்விட்டது. இருந்தாலும் போதுமான நேரம் கையில் இருந்தது. லாட்ஜைக் காலி செய்து, பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தேன். இங்கிருந்து பீச் போகும் உள்ளூர் ரயிலில் ஏறி பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும், சாலையைக் கடந்தால் சென்ட்ரல். அபிராமி நான்கு தடவை சொல்லியிருந்தாள். எங்கள் தீவுப் படகில் ஏறுவதுபோல்தான், சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

படகுத்துறையில் ஒரு படகுதான் நிற்கும். இங்கே நடைமேடைக்கு மேல் நடைமேடை. மேம்பாலத்தில் ஊரே பெட்டியோடு நின்றது. அறிவிப்பு மூன்று மொழிகளில் மாறி மாறி வந்தது. அதோடு சக்கரப் பெட்டிகள் உருளுகிற சத்தம், குழந்தை அழுகை, சுண்டல்காரர், ரயிலின் ஹாரன். மெஷின் எல்லாவற்றையும் ஒரே அளவில் காதுக்குள் கொட்டியது. எது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. தலை சுற்றியது. மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பழைய அமைதி வந்ததும் நிம்மதியாக இருந்தது.

ஒரு ரயில் வந்து நின்றது. ஓர் இளைஞனிடம், "பார்க் போகுமா?" என்று கேட்டேன். தலையாட்டினான். அவன் காதில் பாட்டுக் குமிழ் இருந்ததை ஏறிய பிறகுதான் கவனித்தேன். அவனும் என்னைப் போலத்தான், கேட்காமல் தலையாட்டியிருக்கிறான்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலோரம் நின்றேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. ஜனவரி மாத உச்சி வெயில் தெற்கிலிருந்துதான் சாயும். அது வண்டியின் முகத்துக்கு நேராக அடித்தது. திசை விஷயத்தில் கப்பல்காரனை ஏமாற்ற முடியாது. நாங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "இது செங்கல்பட்டு வண்டி சார்," என்று கையால் முன்னால் காட்டினார்.

அடுத்த நிலையத்தில் இறங்கினேன். பெருங்களத்தூர். இறங்கியதும் போன் அதிர்ந்தது. அபிராமி. அவசரமாக மெஷினை மாட்டிக்கொண்டு போனைக் காதில் வைத்தேன்.

"கிளம்பிட்டீங்களாப்பா?"

"கிளம்பிட்டேன்மா."

"வண்டி ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேன்." ஏறியது உண்மைதானே.

"நான் சொன்னது கேட்டுச்சா இப்ப? கத்தாமயே பேசறேன்பா." அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. கேட்டது என்றேன். பேசியது கொஞ்ச நேரம்தான். வைத்துவிட்டாள், பெட்டி கட்ட வேண்டுமாம்.

ஆட்டோ பிடித்துவிடலாம் என்று வெளியே ஓடினேன். ஜி.எஸ்.டி. சாலை முழுக்க வண்டிகள். பஸ், கார், கூரையில் சைக்கிள் கட்டிய வேன், பைக்கில் நடுவே குழந்தையை வைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள், எல்லாம் தெற்கே பார்த்து நின்றிருந்தன. புதுசாக எழும்பியிருந்த அடுக்குமாடிகளிலிருந்து இறங்கி வந்தவர்களும் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் போக ஒரு சொந்த ஊர் இருந்தது. வடக்கே போக வேண்டியவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. ஒரு ஆட்டோக்காரரிடம் சென்ட்ரல் என்றேன்.

"இன்னிக்கா? ரோடைப் பாத்தீங்களா சார்? ட்ரெயின்லயே போயிடுங்க, அதான் ஸ்பீடு," என்றார். பணம் வேண்டாம் என்கிற ஆட்டோக்காரர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும். திரும்ப நடைமேடைக்கு ஓடினேன்.

அங்கே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். காலடியில் காலி அலுமினியத் தேக்சா, மேலே மடித்த பிளாஸ்டிக் தாள். மீன் வாடை. ஐம்பது வயது இருக்கும். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "இன்னாண்ணா, பீச் வண்டியா? இங்கதான் வரும். குந்து," என்றார்.

பார்க் போகுமா என்று இந்தத் தடவை மூன்று முறை கேட்டேன்.

"நானும் அங்கதான் எறங்கணும். வந்துகினே கீது. எந்த ஊரு உனுக்கு?"

"அந்தமான்."

"அது எங்க கீது?"

"கடலுக்கு அந்தப் பக்கம். இங்கருந்து நேரா கிழக்கே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் மைலாப்பூராண்ட குப்பத்துல கடலப் பாத்துகினே பொறந்தவ. அந்தாண்ட நீதான் இருந்தியா? அப்ப எங்க எதுத்த வூடு."

அந்தமான் என்றதும் ஜெயிலைப் பற்றியோ நில விலையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

வண்டி வந்தது. பெட்டி ஏறக்குறைய காலியாக இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். குப்பத்திலிருந்து எடுத்து இப்போது பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள், எட்டாவது மாடி என்றார். விடியுமுன் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் எடுத்து, பெருங்களத்தூர் குடியிருப்புகளில் விற்கிறார். பொங்கல் வாரம் வியாபாரம் மந்தம். இன்று கொஞ்சமாக எடுத்ததால் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. கடலோரத்தில் இன்னும் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"வூடெல்லாம் நல்லாத்தான் கீது. பாத்ரூம், கரண்டு எல்லாம். ஆனா சத்தமே இல்லண்ணா. அலை சத்தம் இல்லாம எனுக்குத் தூக்கம் வர்ல. மாசத்துக்கு ஒருவாட்டி அக்கா வூட்ல போய்த் தூங்கிட்டு வருவேன்."

என் கதையைச் சொன்னேன். காதில் எப்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் எனக்கும் தூக்கம் சரியாக இல்லை என்றேன்.

"உனுக்கு அதாச்சும் கீதே," என்றார்.

தேக்சாவுக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். வறுத்த நெத்திலி. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிளகாய் தூக்கலாக, உப்பு தூக்கலாக, முள்ளோடு கடிக்கும்படி இருந்தது. கிண்டி தாண்டும்வரை இருவரும் மாறி மாறி எடுத்துத் தின்றோம். மெஷின் வழியாக நெத்திலி நொறுங்குவது என் தலைக்குள் பெரிதாகக் கேட்டது.

சைதாப்பேட்டைக்கு முன்னால் வண்டி நின்றது. நான் எழுந்து கதவுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"நிக்கும். அப்பாலிக்காப் போவும். நீ குந்து," என்றவர், "அப்பிடி இன்னா அவசரம்?" என்று கேட்டார்.

மகள் சேலத்தில் ஏறுவதைச் சொன்னேன். என் இருக்கை காலியாக இருப்பதை அவள் பார்க்கக்கூடாது என்றேன்.

"ரெண்டு மணி நேரத்துக்கா இம்மாந் தூரம் வந்த?"

"ஆமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம் புள்ள படப்பையாண்டதான் கம்பெனில கீறான். ரூம்பு எட்த்துத் தங்கிகினு. ரெண்டு பஸ்ஸு மாறுனா வந்துடலாம். தீவாளிக்கு வந்தவன்தான்," என்றார்.

வண்டி நகர்ந்தது.

பார்க்கில் இறங்கியதும் அவர் தேக்சாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வேகமான நடை. கூட்டம் அவருக்கு வழிவிட்டது, மீன் வாடைக்காகவா நடைக்காகவா என்று தெரியவில்லை. நான் அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினோம். எதிரே சிவப்புக் கட்டடம்.

"அதான் சென்ட்ரல். எனுக்கு இந்தப் பக்கம், பறக்கும் ரயில். உள்ள எப்பிடின்னு எனுக்குத் தெரியாதுண்ணா, நான் உள்ள போனதே இல்ல. கேட்டுக் கேட்டுப் போ," என்றார்.

நின்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை. "ஓடுண்ணா," என்று கையை வீசினார். ஓடினேன்.

உள்ளே கேட்டுக் கேட்டுத்தான் போனேன். ஒரு போர்ட்டர் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். ஒரு போலீஸ்காரப் பெண் நடைமேடை எண்ணை விரலால் காட்டினார். கூரான முகத்தோடு வெள்ளை ரயில் நின்றிருந்தது. என் பெட்டி எங்கோ முன்னால் இருந்தது. அதுவரை போக முடியாது என்று பட்டு, கண்ணில் பட்ட கதவில் ஏறினேன். பையை உள்ளே இழுத்து நிமிர்ந்தபோது பின்னால் கதவு தானாக மூடியது.

பெட்டி பெட்டியாக உள்ளேயே நடந்து என் இருக்கையைக் கண்டுபிடித்தேன். பக்கத்து இருக்கை காலி. அதன்மேல் என் பையை வைத்தேன். அரக்கோணத்துக்கு அப்புறம்தான் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அந்த ரயில் போகிற போக்கு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் கப்பல் ஒரு நாள் முழுக்கப் போகிற தூரத்தை அது இரண்டு மணி நேரத்தில் தாண்டிவிடும்போல இருந்தது. குலுக்கல் இல்லை. ஒருவர் தட்டில் சிற்றுண்டியும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். அபிராமியிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஹாடோ வீட்டை விற்றுவிட்டுச் சேலத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவள் முன்பு கேட்டிருந்தாள். இப்போது அவளே சேலத்தில் இல்லை. நான் தீவிலேயே இருந்துகொள்கிறேன், கவலைப்படாதே, ஆனால் அடிக்கடி கூப்பிடு. இதை அவள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அவள் போன பிறகு நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை.

சேலத்தில் ரயில் அதிக நேரம் நிற்காது. இரண்டு பெரிய பெட்டிகளோடு அவள் ஏறினாள். நான் போய் ஒன்றை வாங்கிக்கொண்டேன். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ராத்திரி டியூட்டி முடித்து, விடுதி அறையைக் காலி செய்து, தூங்காமல் வந்திருக்கிறாள்.

"எந்தக் காதுப்பா?" என்று கேட்டுவிட்டு, இடது பக்கம் உட்கார்ந்தாள். மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். "நான் இப்படி மெதுவாப் பேசினா?"

"கேக்குது."

"இப்ப?"

உதட்டைக்கூட அசைக்காமல் சொன்னாள். "அதுவும் கேக்குது," என்றேன். சிரித்தாள்.

தாம்பரத்தில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். கூட எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று நான் கேட்டேன். ஒன்பது பேர், எல்லோரும் நர்ஸ்தான், கோயம்புத்தூர் ஸ்டேஷனில் வேன் காத்திருக்கும் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றாள். திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை சரிந்து என் தோளில் வந்து நின்றது.

எழுப்பலாமா என்று நினைத்தேன். அவள் மூச்சு என் காதில் கேட்டது. மெஷின் இல்லாவிட்டால் கேட்டிருக்காது. கைக்குழந்தையாக இருந்தபோது, கப்பலிலிருந்து இறங்கி வந்த ராத்திரிகளில் தொட்டிலுக்குள் கையை விட்டு அவள் மூச்சைத் தொட்டுத்தான் பார்ப்பேன். அப்போதே எனக்குச் சரியாகக் கேட்காது. இருபத்தாறு வருடம் கழித்து முதல் தடவையாக அதைக் கேட்டேன்.

சங்ககிரி பறந்தது. காவிரிப் பாலம் வந்து போனது. ஈரோட்டில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஒருவர் அவள் காலில் இடித்துவிடப் பார்த்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன். காலையிலிருந்து எந்த வேகத்தின் பின்னால் ஓடினேனோ, அந்த வேகம் இப்போது எனக்குப் பிடிக்கவில்லை. எங்காவது சிக்னலில் கொஞ்சம் நிற்கக்கூடாதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. சரியான நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

திருப்பூரில் கதவு திறந்த சத்தத்துக்கு அவள் விழித்தாள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பதறி நிமிர்ந்தாள்.

"அய்யோ, திருப்பூரா? ஏம்பா எழுப்பல?"

"தூங்கட்டும்னு விட்டேன்."

"பேசறதுக்குத்தானப்பா வந்தீங்க."

"அதனால என்ன?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த நேரத்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை. "தனியா இருந்துப்பீங்களாப்பா?" என்று ஒரு தடவை கேட்டாள். "இருந்துப்பேன்," என்றேன். "அம்மா இருந்தா நான் கிளம்ப இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டேன்," என்றாள். "அம்மா இருந்தா உன்னை முதல் கப்பல்லயே ஏத்தி அனுப்பியிருப்பா," என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுக்கி வைத்திருந்ததில் வேறு எதையும் நான் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் ஒரே மாதிரி பையோடு அந்தப் பெண்கள் நடைமேடையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிப்போகிறவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வாசல் வரை அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வேனில் ஏறி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். வேன் திரும்பியது.

நாளை பொங்கல். கடைகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அறை தேடி நடந்தேன். அவள் சாய்ந்திருந்த தோள் மரத்துப்போயிருந்தது. போன் அதிர்ந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"இனிமேதான்மா."

"மறக்காம சாப்டுங்க. ஏர்போர்ட் போயிட்டுக் கூப்பிடறேன்."

சரி என்றேன். பேச்சு நின்றது. ஆனால் அவள் இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தாள். போனை மடியில் வைத்துவிட்டாள்போல. வேனின் இரைச்சலும் பெண்களின் பேச்சும் வந்தன. யாரோ கேலி செய்தார்கள். அபிராமி ஏதோ பதில் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

மூடிய ஒரு கடையின் படியில் பையை வைத்து உட்கார்ந்தேன். போனைக் காதோடு வைத்துக்கொண்டேன். அவளாகப் பார்த்துத் துண்டிக்கும்வரை நான் துண்டிக்கவில்லை.